பெயரை வாடகைக்கு விட்ட வருஷம்

"மாமா, ஒங்க பேர்ல ஒரு டெண்டர் போட்டுக்கிடுதேன். வேலை பூராவும் நான் பாத்துக்கிடுதேன். ஒங்களுக்கு ரெண்டு பெர்சன்ட் தந்துருதேன்."

போன மாதம் வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடையில் வைத்து அக்கா மகன் கேட்டான். கெட்ட பையன் இல்லை. டிப்ளமோ சிவில் படித்தவன், வெயிலில் நிற்க அஞ்சாதவன். ஒப்பந்தக்காரர் பட்டியலில் அவன் இன்னும் கீழ் வகுப்பில் இருக்கிறான். அவன் கண் வைத்திருக்கும் பாதாள சாக்கடை வேலைக்கு மேல் வகுப்பு வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. எங்கள் தொழிலில் யாரும் கேட்காத கேள்வி அல்ல இது. டீ ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லி எழுந்து வந்தேன்.

அன்றைக்குச் சொல்லாமல் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் வாங்கிய லைசென்ஸ் உள்ளங்கை அளவு அட்டை. பேட்டை ஐ.டி.ஐ.யில் பிளம்பர் டிரேடு முடித்துவிட்டு, 1987-ல் பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சியிடம் கையாளாகச் சேர்ந்திருந்தேன். அப்போது பாளையங்கோட்டை ஒரு நகராட்சி, மேலப்பாளையம் ஒரு நகராட்சி, திருநெல்வேலி ஒரு நகராட்சி. 1994-ல்தான் இவை மூன்றும் தச்சநல்லூரும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சி ஆயின. அதுவரை தாமிரபரணி ஆற்றுக்கு இந்தக் கரை லைசென்ஸ் அந்தக் கரையில் செல்லாது. 1843-ல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி டவுன் பக்கம் போனால் அண்ணாச்சியும் என்னைப் போல வெறும் ஆள்தான்.

வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு வேண்டுமென்றால் மனுவில் லைசென்ஸ் பிளம்பர் கையெழுத்து வேண்டும். மெயின் குழாயில் துளை போட்டு ஃபெரூலைத் திருகி, அங்கிருந்து அரை அங்குல ஜி.ஐ. பைப்பை வீட்டுக்குக் கொண்டுவருவது வேலை. டை போட்டுப் புரி வெட்டி, சணலைச் சுற்றி, ஒயிட் லெட் தடவி இறுக்குவோம். அண்ணாச்சியிடம் கையெழுத்து மட்டும் வாங்கிப்போகப் பலர் வருவார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் தருவதாகச் சொல்வார்கள். அவர் போடமாட்டார். தான் பார்க்காத குழிக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

"நாம வேலைய முடிச்சிட்டுப் போயிருவோம்லே. கையெழுத்து அங்கனயே நிக்கும்" என்பார்.

எனக்கு அப்போது இருபது வயது. பத்து ரூபாயை விடுகிறாரே என்றுதான் தோன்றியது.

மாநகராட்சி வந்து சில வருஷங்களுக்குப் பிறகு ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்யப் போனேன். பிளம்பர் அட்டை வாங்கியது ஒரு நாள் வேலை. இது நாலு மாதம் இழுத்தது. நிலத்துக்குப் பட்டா, வில்லங்கச் சான்று, அவற்றை வைத்து சால்வன்சி என்கிற சொத்து மதிப்புச் சான்று. அதற்கு வி.ஏ.ஓ. எழுத, ஆர்.ஐ. வந்து பார்க்க, தாசில்தார் கையெழுத்துப் போடவேண்டும். வீடு அப்பா பேரில் இருந்தது. பாகப்பிரிவினை பேச்சை எடுத்ததும் தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு வருமான வரிச் சான்று, வணிக வரிப் பதிவு, முன்பு செய்த வேலைக்கு அனுபவச் சான்று, வைத்திருக்கும் தளவாடங்களின் பட்டியல், வேலைக்கு அமர்த்தப்போகும் தொழில்நுட்ப ஆளின் படிப்புச் சான்று. வகுப்பு உயர உயர எடுக்கக்கூடிய வேலையின் தொகையும் உயரும், காட்டவேண்டிய சொத்தும் உயரும். மாநகராட்சிக்கு ஒரு பதிவு, குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஒரு பதிவு, பொதுப்பணித் துறைக்கு ஒரு பதிவு. 1971-ல் வந்த வாரியம் பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் போட்டு ஊர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு. அங்கே பேர் இருந்தால்தான் பெரிய குழாய் வேலைப் பக்கம் தலைகாட்ட முடியும்.

இத்தனை காகிதத்திலும் ஒரு கேள்வி மட்டும் இல்லை. 'உனக்குக் குழாய் பதிக்கத் தெரியுமா?' என்று யாரும் கேட்கவில்லை. வயரிங் வேலைக்கு மாநில அளவில் ஓர் உரிம வாரியம் இருக்கிறது. வயர்மேன் பரீட்சை எழுதவேண்டும், ஆளுக்குச் சான்று வேண்டும். கரண்டு வேலை செய்கிறவனைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சாக்கடை வேலை செய்கிறவனின் சொத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்பா வீட்டின் மதிப்பு, பதினைந்து அடி ஆழத்தில் நான் வைக்கப்போகும் குழாய் நேராக இருக்கும் என்பதற்கு எப்படி ஜாமீன் ஆகும் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்கு விலை பின்னால் வந்தது.

தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்தில் தாமிரபரணி சேர்ந்து, நெல்லைக்குப் பாதாள சாக்கடை வந்தபோது, பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கீழே சில தெருக்களை எடுத்துச் செய்தேன். இந்த ஊரில் தோண்டுவதற்குப் பஞ்சாங்கம் பார்க்கவேண்டும். ஊருக்குள் ஓடுகிற நெல்லைக் கால்வாய் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வருகிறது. ஆற்றுக்கு அந்தப் புறம் பாளையங்கால்வாய் பழவூர் அணைக்கட்டிலிருந்து வருகிறது. கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால், கால்வாயை ஒட்டிய தெருக்களில் ஆறடி தோண்டுவதற்குள் ஊற்று பொங்கும். பிசான சாகுபடிக்கும் அதே கதை. பங்குனி, சித்திரையில் கால்வாய் காயும்போதுதான் எங்கள் அறுவடை. ஐகிரவுண்டு பக்கம் போனால் தண்ணீர்த் தொல்லை இல்லை. சரளையும் பாறையும் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். டவுனில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆனியில் நெல்லையப்பர் தேர் ஓடும். நாலு ரத வீதியிலும் அதற்குள் மண் மூடி, ரோடு இறுகியிருக்கவேண்டும்.

குடிநீரை பம்ப் தள்ளும், மேட்டில் ஏறி இறங்கும். கழிவுநீருக்குச் சரிவு மட்டும்தான் துணை. ஆறு அங்குலக் குழாய்க்கு நூறு அடிக்கு ஏழு அங்குலம் இறக்கம் கொடுப்போம். தண்ணீர் விநாடிக்கு 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஓடினால்தான் வண்டல் தங்காமல் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். அன்றைக்குப் பெரும்பாலும் ஸ்டோன்வேர் பைப். மண்ணில் சுட்டு, உப்பு மெருகு ஏற்றியது. ஒன்று இரண்டடி நீளம். ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் முப்பது மீட்டர். அப்படியானால் ஐம்பது பைப், ஐம்பது ஜாயின்ட். ஒவ்வொன்றிலும் தாரில் நனைத்த சணலைச் சுற்றித் திணித்து, பைப்பை நடுவில் நிறுத்தி, ஒன்றுக்கு ஒன்று சிமென்ட் கலவை பூசி, ஈரச் சாக்கு போட்டு வைக்கவேண்டும். சணலை மிச்சம் பிடித்தால் கலவை உள்ளே பிதுங்கி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த வருஷம் அந்த நாக்கில் துணியும் முடியும் சிக்கும்.

குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் பக்கவாட்டில் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும் என்று பொறியியல் கையேடு சொல்கிறது. மேலப்பாளையத்தில் தெருவே மூன்று மீட்டர் இல்லாத இடங்கள் உண்டு. அங்கே ஆழத்தில் இடைவெளி தேடுவோம். சாக்கடை கீழே, அதன் தலைக்கு அரை மீட்டராவது மேலே குடிநீர். எங்கே கசிந்தாலும் சாக்கடை கீழே இறங்குமே தவிர மேலே ஏறி வராது. இதைத் தலைகீழாகப் பதித்தவன் எந்த வகுப்பில் இருந்தாலும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்குதான்.

என் முதல் முப்பது மீட்டரை அளக்க வந்த உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர். அளவுகளைப் பதியும் எம்-புக்கைக் கையில் எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு டார்ச்சையும், சலூனில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கைக்கண்ணாடியையும் எடுத்தார். ஒரு மேன்ஹோலில் என் ஆள் டார்ச்சைக் குழாய்க்குள் காட்டினான். மறுமுனையில் நான் இறங்கிக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். மேலேயிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது சார்."

"வெளிச்சம் எல்லாத்துலயும்தான் தெரியும். வட்டமாத் தெரியுதா?"

வட்டமாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் கடித்துத் தின்ற தோசை மாதிரி இருந்தது.

"பௌர்ணமி தெரிஞ்சா பில்லு. பிறை தெரிஞ்சா தோண்டு" என்றார்.

தோண்டினேன். பத்தொன்பதாவது பைப் கீழே அமர்ந்திருந்தது. அதற்கு அடியில் மண்ணை அதிகமாக வெட்டிவிட்டு, வெட்டிய மண்ணையே திரும்பப் போட்டுச் சமாளித்திருந்தான் ஒருவன். அந்த நிலாவுக்காக மூன்று நாள் கூலி போயிற்று. அன்று மாலை டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் அதே மாதிரிக் கைக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். குழாயின் உள்விட்டத்தைவிட அரை அங்குலம் குறைவாக ஒரு பந்தும் செய்துகொண்டேன். மேல் மேன்ஹோலில் உருட்டிவிட்டால் தடையில்லாமல் கீழ் மேன்ஹோலில் வந்து விழவேண்டும். பதிவு செய்தபோது யாரும் கேட்காத பரீட்சையை அந்த மனிதர் குழிக்குள் வைத்து எழுத வைத்தார்.

குழாய் ஓடத் தொடங்கிய பிறகு வந்த வேலைகள் வேறு மாதிரி. ஒரு ராத்திரி ஒரு லைனில் அடைப்பு. என்னோடு பல வருஷம் இருந்த ஆள் ஒருவர், அண்ணே என்று நான் கூப்பிடுகிறவர், இறங்கினார். ஏழடிதானே என்று கயிறு கட்டவில்லை. மூடியைத் திறந்து காற்றாடப் போடவும் இல்லை. நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். இறங்கியவுடன் அழுகிய முட்டை வாடை அடிப்பதாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில், "இப்ப வாடை போயிருச்சு" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. வாடை போகவில்லை, மூக்குதான் செத்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடினால் முதலில் நுகரும் உணர்வை அடித்துப்போடும். அதற்கப்புறம்தான் ஆளை அடிக்கும்.

அவர் படிக்கம்பியில் சாய்ந்தார். ஒரு பையன் குதிக்கப் போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம். இறங்கினவனைத் தூக்க இறங்குகிறவன்தான் பெரும்பாலும் இரண்டாவது பிணம். தரையில் படுத்து, இரண்டு பேர் எங்கள் காலைப் பிடித்துக்கொள்ள, கக்கத்தில் கை கொடுத்து இழுத்தோம். ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் விடிகாலையில் கண் திறந்தார். உயிர் அவருடைய அதிர்ஷ்டம். என் சாமர்த்தியம் எதுவும் அதில் இல்லை.

சீட்டு எழுதும்போது, "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். கான்ட்ராக்டர் என்றேன். அவர் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. மாநகராட்சிக் கோப்பிலும் இல்லை, டெண்டரிலும் இல்லை. பேர் உள்ளவன் நான் ஒருவன்தான். அதற்குப் பிறகு கயிறு கட்டாமல் எவரையும் குழிக்குப் பக்கத்தில் விட்டதில்லை. கயிற்றின் மேல் முனை என் கையில் இருக்கும்போது போன் எடுத்ததும் இல்லை.

இவ்வளவு பட்டவன், 2011-ல் பெயரை வாடகைக்கு விட்டேன்.

தெரிந்த ஒருவர் மூலம் ஒருவர் வந்தார். ரத வீதி ஒன்றைக் குறுக்கே வெட்டி, பக்கத்துச் சந்து வீடுகளைச் சாக்கடையோடு இணைக்கும் சின்ன வேலை. அவருக்குப் பதிவு இல்லை. என் பேரில் எடுத்து அவர் செய்வதாகப் பேச்சு. அனுமதியில்லாமல் வேலையை அடுத்தவர் கைக்கு மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. அண்ணாச்சியின் பத்து ரூபாய் ஞாபகம் வராமல் இல்லை. இருந்தும் வாங்கினேன்.

ஆனி பிறந்தது. தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு நாள் சாரல். மூன்றாம் நாள் காலை ஏ.இ. கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஒங்க கட்டிங் இறங்கிட்டு. தேர் தடத்துல."

"சார், அத நான் செய்யல…"

"எம்-புக்குல ஒங்க பேருதான இருக்கு."

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை செய்தவர் போனை எடுக்கவில்லை. போய்ப் பார்த்தேன். அரையடி ஆழத்துக்கு ரோடு வாய் பிளந்திருந்தது. ராத்திரி பதினோரு மணிக்குத் தோண்ட ஆரம்பித்தோம். மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து ஏற்றியிருக்கவேண்டும். இவர் பொக்லைனால் ஒரே தள்ளாகத் தள்ளி மேலே தாரைப் பூசிவிட்டார். அடியில் பைப்பைத் திறந்தால் ஜாயின்ட்டில் சணலே இல்லை. கலவை மட்டும் அப்பியிருந்தது. விரலால் தள்ளினால் விழுந்தது. மூன்று ராத்திரி. பழையதை எடுத்து, புதிதாகப் பதித்து, மணலை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீரில் ஊறவைத்து இடித்து, மேலே கான்கிரீட் போட்டேன். அதற்கு பில் கிடையாது. வாங்கிய வாடகையைப் போல ஐந்து மடங்கு கைவிட்டுப் போயிற்று.

தேரன்று ஊரே சுவாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு கடைத் திண்ணையில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். வடம் இழுபட, சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் ஓட, சக்கரம் நான் போட்ட கான்கிரீட்டுக்கு வந்தது. ஏறியது. ஒரு நொடி அங்கேயே நின்றது. எனக்கு மூச்சும் நின்றது. பிறகு உருண்டு போயிற்று. பக்கத்தில் நின்ற ஆச்சி, "என்னய்யா, தேரப் பாக்காம தரையப் பாக்குத?" என்றாள்.

அப்பா வீட்டுக்கு எதற்குச் சான்று கேட்டார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு வேலை தெரியும் என்பதற்கு அந்தக் காகிதம் எந்த அத்தாட்சியும் இல்லை. ரோடு இறங்கினால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்கான விலாசம் அது. வேலையைச் செய்தவன் போனை அணைத்துவிடலாம். வீட்டை அணைக்க முடியாது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்து, பிடித்து வைத்த டெபாசிட்டைத் திரும்ப வாங்கிய பிறகும், அந்த மேன்ஹோலில் தண்ணீர் எதிர்த்தால் ஜனங்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்து வடிந்த பிறகு ஒரு வாரம் என் போன் ஓயவில்லை. எந்தத் தெருவை யார் போட்டது என்று தெருக்காரர்களுக்கு மறப்பதில்லை.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. 2013-ல் வந்த மத்தியச் சட்டம், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரும் அமர்த்தக்கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த 'மறைமுகமாக' எங்களைப் போன்றவர்களுக்காகப் போட்ட வார்த்தை. முதல் முறை மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அதே வருஷம் மத்திய பட்ஜெட் உரையில், மேன்ஹோல் இனி மெஷின்-ஹோல் ஆகவேண்டும் என்றார்கள். அடைப்பு எடுக்கும் ஜெட்ராடு வண்டி வந்துவிட்டது. செப்டிக் டேங்க் லாரிக்கும் தமிழ்நாட்டில் உரிமம் கட்டாயம். எடுத்த கழிவை ஓடையிலோ கால்வாயிலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கவேண்டும். ஆற்றில் சாக்கடை கலக்கிற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2024-ல் நீதிபதிகளே நெல்லைக்கு வந்து கரையில் நடந்து பார்த்தார்கள். நாங்கள் குடிப்பது அதே ஆற்றின் உறைகிணற்றுத் தண்ணீர்தான். பதில் சொல்ல ஒரு பேர் இல்லாமல் ஓடுகிற ஒவ்வொரு குழாயும் கடைசியில் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் போய்ச் சேர்கிறது.

இப்போது டெண்டர் எல்லாம் இணையத்தில். டிடி எடுத்துக்கொண்டு, உறையில் அரக்கு வைத்துக்கொண்டு எஸ்.என். ஹைரோடு அலுவலகத்துக்கு ஓடவேண்டாம். பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனைச் செருகினால் கையெழுத்து விழுந்துவிடும். அந்த டோக்கனையும் பாஸ்வேர்டையும் கையில் கொடுத்துவிட்டால் போதும், பெயரை வாடகைக்கு விடுவது இன்னும் சுலபம். மருமகன் கேட்டது அதைத்தான்.

நேற்று அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். பதிவைப் புதுப்பிக்கும் மனு மேஜையில் இருந்தது. தளவாடப் பட்டியலில் மிக்சர், வைப்ரேட்டர், லெவல் கருவி, வாயு அளக்கும் மீட்டர், பம்ப் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் வழக்கம்போல 'கைக்கண்ணாடி 2, டார்ச் 2, பந்து 3, கயிறு 60 அடி' என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் அதை வாசிக்கிற கிளார்க் சிரிப்பார். ஆனால் அந்த வரியை அடித்து நீக்குவதில்லை.

"மாமா, நான் கேட்டது…"

"எம் பேர்ல வேண்டாம்யா. ஒன் வகுப்புக்கு உள்ள சின்ன வேலையா எடு. அதுக்கு முந்தி நாளைக்கு எங்கூட வா. பெருமாள்புரத்துல ஒரு லைன் முடிஞ்சிருக்கு. நீ கீழ எறங்கிக் கண்ணாடியப் பிடி."

"மேல யாரு மாமா?"

"நான்தான். கயிறு எங்கையில இருக்கும்."